கதிரையும் செயரும்: ஒரு சொற்பாடம்

ஒரு சொல்லின் பொருளை அறிதல் என்பது யாது? நம் மாணவர் பலர் ஆங்கிலச் சொல்லை அப்பியாசக் கொப்பியின் இடப்பக்கத்திலும், அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை வலப்பக்கத்திலும் எழுதி, இரண்டுக்கும் நடுவே சமன் அடையாளம் இட்டு மனனஞ் செய்கின்றனர். கணிதத்திலே அவ்வடையாளத்தின் இருபுறத்தும் உள்ளவை ஒத்த பெறுமானம் உடையவை. மொழியில் அவ்வாறன்று. ஒரு மொழியில் ஒரு சொல் ஆளும் நிலம் வேறு. மற்றொரு மொழியில் அதற்கு நேர் என நாம் கொள்ளுஞ் சொல் ஆளும் நிலம் வேறு. இரண்டு நிலங்களும் ஒரு பகுதியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். எஞ்சிய பகுதியில் தனித்தனியே விரிந்து செல்லும். அவ்வெல்லைகளை அறியாதவன் சொல்லை அறிந்தவன் ஆகான்.

இவ்வுண்மையை விளக்குதற்கு அரிய சொற்களைத் தேடவேண்டுவதில்லை. நாள்தோறும் வழங்கும் எளிய பெயர்ச்சொல் ஒன்றே போதும். இவ்விழா மலரைக் கையில் எடுத்திருக்கும் பழைய மாணவரும், இப்போது பயில்வோரும், கற்பிப்போரும் பெரும்பாலும் ஒரு கதிரையில் இருந்தே இதனைப் படிப்பர். ஆதலின் ‘செயர்’ என்னும் ஆங்கிலச் சொல்லையே பாடமாகக் கொள்வோம். தமிழாசிரியன் ஆங்கிலச் சொல்லை ஆராயப் புகுதல் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். பிறமொழிச் சொல் ஒன்றை நிறுத்துப் பார்க்கப் புகுவோன், அதனை எதிர்த்தட்டில் இட்டு நிறுத்தற்குத் தன் மொழிச் சொற்களையே எடுக்க வேண்டியவனாகின்றான். ஆகவே இது தமிழ்ப் பாடமும் ஆகும்.

பொருளும் எல்லையும்

செயர் என்பது ஒருவர் மாத்திரம் இருத்தற்குரியது. முதுகைச் சாய்த்தற்கு ஒரு சாய்வு உடையது. பெரும்பாலும் இடம்விட்டு இடம் பெயர்க்கத் தக்கது. இவற்றுள் ஒன்று குறையின் ஆங்கிலேயர் வேறு சொல்லை நாடுவர். சாய்வு இல்லையேல் அது ஸ்டூல். அதன் கால்கள் மூன்றாயின் நாம் முக்காலி என்போம். பலர் வரிசையாக இருக்கத் தக்க நீண்ட பலகையாயின் அது பெஞ். நாம் வாங்கு என்போம். மெத்தை இட்டு இருவர் மூவர் சாய்ந்திருக்கத் தக்கதாயின் அது சோபா. பஸ்வண்டியிலோ புகைவண்டியிலோ பொருத்தப்பட்டிருப்பதாயின் அது சீற். பஸ்வண்டியில் செயர் கிடைக்கவில்லை என ஒரு மாணவன் ஆங்கிலத்தில் எழுதுவானாயின், அவன் வண்டிக்குள் தளபாடம் வாங்கப் போனான் என்றே படிப்போர் கொள்வர்.

மேற்கூறிய இலக்கணத்துள் கால்களின் தொகை இடம்பெறாமையை நோக்குக. தமிழ்நாட்டார் நாற்காலி என்பர். நான்கு கால் உடைமை பற்றி வந்த பெயர் அது. ஆயினும் மேசைக்கும் நான்கு கால் உண்டு, கட்டிலுக்கும் உண்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு. அவற்றை ஒருவரும் நாற்காலி என்பதில்லை. மறுதலையாக, ஒரே தண்டின்மேல் சுழல்வதைச் சுழல் நாற்காலி என்கின்றோம். காலே இன்றிச் சக்கரங்களில் ஓடுவதைச் சக்கர நாற்காலி என்கின்றோம். கேட்போர் எவரும் நகைப்பதில்லை. சொல் பிறந்த காரணம் ஒன்று. அது வழங்கும் வழக்கு மற்றொன்று. பொருளை முடிவு செய்வது வழக்கே என்பதற்கு நாற்காலியிலும் நல்ல சான்று வேறில்லை.

செயருக்கும் சீற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். சீற் என்பது இருக்கும் இடம். செயர் என்பது அவ்விடத்தை உடைய பொருள். ஆகவே ஒவ்வொரு செயருக்கும் ஒரு சீற் உண்டு. ஒவ்வொரு சீற்றும் செயர் அன்று. பாராளுமன்றத் தேர்தலில் தோல்வியுற்ற உறுப்பினர் தம் சீற்றை இழந்தார் என்பது ஆங்கில வழக்கு. நாமும் ஆசனத்தை இழந்தார் என்கின்றோம். அவ்விடத்திற் செயரை இழந்தார் என எழுதின், அவர் ஏதோ ஒரு குழுவின் தலைமையை இழந்தார் என்று பொருள் திரிந்துவிடும்.

கதிரையின் உறுப்புகளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்களும் அறியத்தக்கன. முதுகு, கை, கால் என மனித உடலின் உறுப்புப் பெயர்களையே அவர்கள் அதற்குத் தந்தனர். நாமோ காலைக் கால் என்றே வழங்கி, கையைக் கைப்பிடி என்றும் முதுகைச் சாய்வு என்றும் மாற்றிக்கொண்டோம். இதனாலேயே ‘கதிரையின் முதுகு’ என்னும் சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்பு நம் செவிக்கு இனிமை பயப்பதில்லை.

வாக்கியத்தில் அமையும் முறை

இச்சொல் எண்ணிக்கைக்கு உட்படும் பெயர். ஆதலின் ஒருமையில் அதனைத் தனியே விடலாகாது. ‘எ’ என்னும் சிறுசொல்லோ, ‘த’ என்னும் சிறுசொல்லோ, அன்றி என், உன், இந்த, அந்த என்னும் பொருள் தரும் சொற்களுள் ஒன்றோ முன்னே நிற்றல் வேண்டும். தமிழிலே ‘கதிரை கொண்டு வா’ என வாளா கூறுதல் அமையும். கேட்பவன் இடமறிந்து பொருள் கொள்வான். ஆங்கிலத்தில் அவ்வாறு கூறின் வாக்கியம் குறையுடையதாகும். தமிழை முதன்மொழியாகக் கொண்ட மாணவர் அச்சிறுசொற்களை மறத்தல் இயல்பு. நம் மொழியில் அவற்றின் தேவை இன்மையே காரணம். காரணத்தை அறிந்த மாணவன் விரைவில் திருந்துவான். வெறுமனே சிவப்பு மையினாற் கோடிடப் பெற்ற மாணவன் மீண்டும் மறப்பான்.

வேற்றுமை உருபிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் எல்லாவற்றுக்கும் ‘கதிரையில்’ என்னும் ஏழாம் வேற்றுமையையே வழங்குகின்றோம். ஆங்கிலேயரோ சாதாரண கதிரையாயின் அதன் மேல் இருந்தார் என்னும் பொருள்பட ‘ஒன்’ என்பர். கைகளை உடைய பெரிய கதிரையாயின் அதனுள் இருந்தார் என்னும் பொருள்பட ‘இன்’ என்பர். நம் வீட்டு விறாந்தைகளிலே முதியோர் சாய்ந்திருக்கும் சாய்மனைக் கதிரையை நினைத்துப் பார்ப்பின் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒன்று நம்மைத் தாங்குகின்றது. மற்றொன்று நம்மைத் தன்னுள் அடக்கிக் கொள்கின்றது.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் நடக்கும் சங்கீதக் கதிரை ஆங்கிலத்தில் எப்போதும் பன்மையாகவே வழங்கும். பதவிகளில் ஆட்கள் மாறி மாறி அமர்தலையும் ஆங்கிலேயர் அவ்விளையாட்டின் பெயரால் எள்ளுவர்.

தலைமைக் கதிரை

இனி, இச்சொல்லின் உயர்ந்த பொருளுக்கு வருவோம். ‘டேக் எ செயர்’ என்றால் ‘வாருங்கள், இருங்கள்’ என்பது பொருள். ‘டேக் த செயர்’ என்றால் ‘கூட்டத்துக்குத் தலைமை வகியுங்கள்’ என்பது பொருள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சிறுசொல் மாத்திரமே. கூட்டத்துக்கு வந்தோர் யாவரும் முன்னதைச் செய்யலாம். அவருள் ஒருவரே பின்னதைச் செய்யலாம்.

அங்ஙனம் தலைமை வகிப்பவரையும் செயர் என்றே ஆங்கிலேயர் கூறுவர். ‘உங்கள் கருத்தைச் செயருக்குக் கூறுங்கள்’ எனின், மரத்தாலாய பொருளை நோக்கிப் பேசுதல் அன்று. தலைவரை விளித்துப் பேசுதலாம். முற்காலத்தில் செயர்மன் என ஆண்பாலாகவே வழங்கிய பெயரை, பெண்களும் அப்பதவியை வகித்தல் பற்றி இக்காலத்தவர் செயர்பேர்சன் எனவும், சுருக்கமாகச் செயர் எனவும் மாற்றி வழங்குகின்றனர். இவ்விடர்ப்பாடு தமிழுக்கு இல்லை. அக்கிராசனர் என்றாலும், தலைவர் என்றாலும், ‘அர்’ விகுதி இருபாலார்க்கும் பொதுவாய் நின்று மதிப்பையும் தருகின்றது.

அக்கிராசனர் என்னும் சொல்லைச் சிறிது பிரித்து நோக்குக. அக்கிரம் என்பது முதன்மை. ஆசனம் என்பது இருக்கை. முதன்மையான இருக்கையில் இருப்பவர் அக்கிராசனர். நம் பிரதேச சபைத் தலைவர்களைத் தவிசாளர் என்கின்றோம். தவிசு என்பதும் இருக்கையே. பல்கலைக்கழகங்களிற் கலைப்பீடம், விஞ்ஞானபீடம் என வழங்கும் பீடமும் இருக்கையே. அரியணை ஏறினான் என்றால் அரசனானான் என்பதே பொருள். சங்க காலத்தில் கட்டில் என்னும் சொல் அரசனுடைய ஆசனத்தையும் குறித்தது. அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன் என்னும் பெயர் அதற்குச் சான்று. ஆசனத்தின் பெயரால் அதிகாரத்தைக் குறித்தல் ஆங்கிலேயருக்கு மாத்திரம் உரியதன்று. நம் முன்னோரும் அவ்வழியே சென்றனர். இதனைக் கண்டு தெளிந்த மாணவனுக்கு ‘டேக் த செயர்’ என்பது அயலான தொடராகத் தோன்றாது.

இப்பகுதி ஏட்டுக் கல்விக்கு மாத்திரம் உரியது எனக் கருதலாகாது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் ஓர் அரசகரும மொழி எனவும், ஆங்கிலம் இணைப்பு மொழி எனவும் வகுக்கப்பட்டன. இணைப்பு மொழியில் எழுந்த ஓலைகளைத் தமிழிலும், தமிழில் எழுந்தவற்றை இணைப்பு மொழியிலும் மாற்றுங் கடமை நம் மாணவருட் பலருக்கு நாளை வந்து சேரும். சங்கங்களின் பழைய ஆங்கிலக் கூட்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குவோர், ஒருவர் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார் என்னும் இடத்தில் அவருக்கு ஒரு கதிரை கொடுக்கப்பட்டது என எழுதிவிட்டால், வாசிப்போர் நகைப்பதுடன் அமையாது. அன்று தலைமை வகித்தவர் யார் என்னும் செய்தியே ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் ஒரு துறையின் பேராசிரியர் பதவியையும் செயர் என்றே ஆங்கிலத்தில் வழங்குவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த சுவாமி விபுலாநந்தர் 1943 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் தமிழ்ச் செயரை ஏற்றார் என்று ஆங்கிலத்தில் எழுதலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஒரு பேராசிரியர் பதவி நிறுவ உலகத் தமிழர் பொருள் திரட்டிய காலத்தில், அதனைத் தமிழ் இருக்கை எனப் பெயர்த்தனர். 60 இலட்சம் டொலர் என்னும் அவ்விலக்கு 2018 ஆம் ஆண்டு எய்தப்பட்டது. அப்பெருந்தொகை மரத்துக்கும் ஆணிக்கும் அன்று, ஒரு பேராசிரியர் என்றென்றும் தமிழ் கற்பித்தற்கே என்பதை அறிய, இச்சொல்லின் இரண்டாம் பொருளை அறிந்திருத்தல் வேண்டும்.

உயர்ந்த இப்பொருள் எல்லா நாட்டிலும் அமைவதன்று என்பதையும் அறிக. அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்தில் 1890 ஆம் ஆண்டு முதன்முதலாக மின்சாரக் கதிரையினால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னர், ஒருவனுக்குத் ‘த செயர்’ கிடைத்தது என்றால் அவன் மரண தண்டனை பெற்றான் என்னும் பொருளும் அந்நாட்டு வழக்கில் எழுந்தது. ஒரே தொடர் ஓரிடத்தில் தலைமை, மற்றோரிடத்தில் மரணம். இடம் நோக்காது பொருள் கொள்ளுதல் எத்துணைத் தீங்கு என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கறுப்புக் கதிரை

பிரித்தானியாவின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டிலே கதிரையானது புலவர்க்குரிய பரிசு. ஐஸ்தெத்வொட் என வழங்கும் அந்நாட்டுத் தேசியக் கலைவிழாவிலே, மரபான யாப்பு விதி பிழையாது சிறந்த கவிதை இயற்றிய புலவருக்கு, சித்திர வேலைப்பாடு அமைந்த ஒரு கதிரை வழங்கப்படும். 1917 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பேர்க்கன்ஹெட் நகரில் நடந்த விழாவிலே, வெற்றி பெற்றவரின் புனைபெயர் மேடையிலிருந்து அழைக்கப்பட்டது. எவரும் எழவில்லை. ஹெத் வின் எனப் பெயர் பூண்ட அப்புலவர், ஆடு மேய்க்குங் குடியிற் பிறந்தவர். அவ்வாண்டு ஜூலை 31 ஆந் திகதி பெல்ஜியத்துப் போர்க்களத்தில் உயிர்நீத்திருந்தார். வெறுமையாய் நின்ற கதிரையின்மீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அக்கதிரையைச் செதுக்கியவர், அதே போரினால் நாடிழந்து வந்த பெல்ஜிய அகதி ஒருவர். இன்றுவரை வேல்ஸ் மக்கள் அதனைக் கறுப்புக் கதிரை என்றே நினைவு கூருகின்றனர்.

வேல்ஸ் மொழியிலே கதிரைக்குப் பெயர் ‘கடைர்’ என்பது. நம் கதிரையோடு அச்சொல்லுக்கு உள்ள ஒலியொப்புமை தற்செயலானது அன்று.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

கிரேக்க மொழியில் ‘கதெத்ரா’ என ஒரு சொல் உண்டு. கீழ் என்னும் பொருளுடைய ஒரு சொல்லும், இருக்கை என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் புணர்ந்து அது பிறந்தது. அதனை இலத்தீன் மொழியார் ஏற்றுக்கொண்டனர். ஆசிரியர் இருந்து கற்பிக்கும் ஆசனத்துக்கும், பின்னர்க் கிறித்தவ ஆயரின் ஆசனத்துக்கும் அது பெயராயிற்று. ஆயரின் ஆசனம் உள்ள தேவாலயம் கதீட்ரல் எனப்படுதலும் இதனாலேயாம். அந்த இலத்தீன் சொல் உரோமர் ஆண்ட வேல்ஸில் கடைர் ஆயிற்று. பிரான்சியரின் வாயில் உருமாறி, 1066 ஆம் ஆண்டின் நோர்மானியர் வெற்றிக்குப் பின் இங்கிலாந்தை அடைந்து செயர் ஆயிற்று. அதற்கு முன் ஆங்கிலேயர் ஒருவர் இருத்தற்குரிய ஆசனத்தை ஸ்டூல் என வழங்கினர். புதியது வந்ததும் பழையது சாய்வில்லாத சிற்றாசனத்தின் பெயராய்ச் சுருங்கிற்று.

அதே இலத்தீன் சொல் போர்த்துக்கேயரின் வாயிற் ‘கதெய்ரா’ ஆயிற்று. அவர்கள் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். பாயிலும் திண்ணையிலும் மணைப்பலகையிலும் இருந்து பழகிய நம்மவர், அப்புதிய பொருளை அதன் பெயரோடு ஏற்றுக் கதிரை என்றனர். மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு முதலியனவும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தனவே. பின்னர் வந்த ஒல்லாந்தர் அப்பொருளை ‘ஸ்தூல்’ என்றனர். 1795 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் செயர் என்றனர். ஆட்சி இருமுறை மாறியும் நம்மவர் கதிரையை விட்டாரில்லை.

ஆகவே, மாணவன் தன் கொப்பியில் செயர் என்றும் கதிரை என்றும் எழுதி நடுவே சமன் அடையாளம் இடுகையில், தான் அறியாமலே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரை எதிரெதிரே நிறுத்துகின்றான். ஆயினும் அவ்விருவரும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள். செயர் தலைமைப் பொருளையும் பேராசிரியப் பொருளையும் காத்து வைத்திருக்கின்றது. நம் கதிரை தளபாடப் பொருளை மேற்கொண்டு, உயர்ந்த பொருள்களைப் பெரும்பாலும் அக்கிராசனத்துக்கும் தவிசுக்கும் பீடத்துக்கும் இருக்கைக்கும் விட்டுவிட்டது. பிறப்பு ஒன்றாயினும் பொருள் வேறாதல் இதனால் அறியப்படும்.

இன்னொரு கதிரையும் நம்மிடம் உண்டு. கதிர்காமத்துக்குக் கதிரை என ஒரு பெயர். கதிரைமலைப் பள்ளு என்னும் ஈழத்து நூல் அத்தலத்தின்மீது எழுந்தது. கதிரைக்குச் செல்லும் அடியாரும் கதிரையில் இருக்கும் முதியவரும் ஒரே ஒலியையே வழங்குகின்றனர், சொற்களோ இரண்டு. ஒலி ஒன்றாயின் சொல்லும் ஒன்று எனக் கொள்வது, சொல் ஒன்றாயின் பொருளும் ஒன்று எனக் கொள்வது போன்ற பிழையே.

கதிரை அந்நியச் சொல் ஆதலின் அதனை நீக்கி நாற்காலி எனவே எழுதுக என்பார் உளர். நாற்காலி நல்ல தமிழ்ச் சொல். அதனை வழங்குவதில் யாதொரு குற்றமும் இல்லை. ஆயின் கதிரையைப் பிழை எனக் கூறுதல் பொருந்தாது. இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிற நகரங்களிலும் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் தமிழைப் பெரும்பாலும் புத்தகத்தின் வாயிலாகவே கற்கின்றனர். அப்புத்தகத்தில் நாற்காலி என்பதை மாத்திரம் கண்ட பிள்ளை, கதிரை என்று கூறும் பாட்டியின் தமிழைத் திருத்த முற்படுமாயின் இழப்பு யாருக்கு? பாட்டி கூறியது பிழையன்று. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் நம் வீடுகளில் இருந்து நம்மவர் ஆகிவிட்ட சொல் அது. இதனை அப்பிள்ளைக்கு எடுத்துக் கூறுதல் பெற்றோர் கடன்.

கற்கும் முறை

ஒரு பெயர்ச்சொல்லைக் கற்கப் புகும் மாணவன் ஐந்து வினாக்களை எழுப்புக. இச்சொல்லுக்கு அயலில் நிற்கும் சொற்கள் எவை, அவற்றுக்கும் இதற்கும் எல்லை யாது? இது எண்ணத் தக்கதோ, அன்றோ? இதற்கு முன்னும் பின்னும் வழக்கமாக வரும் சிறுசொற்கள் எவை? பொருளைக் குறிப்பதோடு பதவியையோ ஆளையோ குறிக்கின்றதோ? என் மொழியில் இத்தனை பொருளையும் ஒரே சொல் தாங்குமோ, பல சொற்கள் பகிர்ந்து கொள்ளுமோ? இவ்வைந்துக்கும் விடை கண்ட பின்னரே அச்சொல்லைக் கொப்பியில் எழுதுக. எழுதுங்கால் தனிச்சொல்லாக எழுதாது, ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுக. நாளொன்றுக்கு இருபது சொற்களை மனனஞ் செய்து மறுநாள் மறப்பதினும், ஒரு சொல்லை இவ்வாறு கற்று ஆயுள்வரை காத்தல் நன்று.

பயிற்சியாகப் பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக. செயர், சீற் என்னும் இரண்டுள் ஏற்றதைத் தெரிந்து, முன்னே வரும் சிறுசொல்லையும் பிழையாது இடுக.

1. ஐயா, உள்ளே வந்து இருங்கள்.
2. நேற்றைய கூட்டத்துக்கு அதிபர் தலைமை வகித்தார்.
3. புகைவண்டியில் எனக்கு யன்னலோரத்தில் இடம் கிடைத்தது.
4. பாட்டனார் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை படித்தார்.
5. சுவாமி விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இவ்வைந்தையும் பிழையற எழுதும் மாணவன், இச்சொல்லைப் பொறுத்தவரை அகராதியை மூடி வைக்கலாம். அடுத்து மேசை என்னும் சொல்லுக்குச் செல்க. ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் ‘டேபிள்’ என்னும் சொல் உணவையும் அட்டவணையையும் குறிக்கும். சபையில் ஒன்றைச் சமர்ப்பித்தலையும் குறிக்கும். அங்கும் இதே ஐந்து வினாக்கள் நின்று உதவும்.